புயலிடம் ஒரு கையெழுத்து

புயலைத் துரத்திப் பிடிக்கும் வீரர்களைப் பற்றிப் பதினொரு நிமிடக் கார்ட்டூன் ஒன்றை எழுதி, இயக்கி, ஏறக்குறைய முடித்தும் விட்ட யுகேந்திரனுக்கு, மாடியிலிருந்து கீழே இறங்கப் பயமாக இருந்தது.

மொத்தம் பதினேழு படி. படி முடிகிற இடத்தில் குணவதியக்காவின் கல்யாணப் பத்திரிகைக் கடை. மூன்று வாரமாக அவன் அந்தப் படியை மிதிக்கவில்லை. பின் சந்தில் தொங்கும் சுழல் இரும்பு ஏணியில்தான் போக்குவரத்து. நாற்பத்து மூன்று வயதும் தொண்ணூற்று நான்கு கிலோவும் உள்ள ஒருவன் தினமும் காலையில் அதில் ஏறி வருவதைப் பார்த்து, எதிர்ப்பக்கத்துச் சாப்பாட்டுக் கடைக்காரர் அவனை ஏதோ நேர்த்திக்கடன் செலுத்துகிறவன் என்றே நினைத்திருந்தார்.

"அண்ணே, மணி ரெண்டு," என்றான் கிருஷாந்த்.

கிருஷாந்த் மாடியில் இருந்த அந்தப் பினாங்கு ஸ்டூடியோவின் தலைமை வரைகலைஞன். பக்கத்துக் கெலுகோர்க்காரன். பென்சில்களை நீள வாரியாக அடுக்கி வைக்கிற ஆள். கோபம் வந்தால் குரல் உயராது, குளிரும். இன்று காலையிலிருந்து ஐஸ் பெட்டிக்குள் உட்கார்ந்து பேசுவது மாதிரிதான் பேசிக்கொண்டிருந்தான்.

"தெரியும் லா. கடிகாரம் எனக்கும் இருக்கு."

"கடிகாரம் இருக்கு. கால்தான் இல்ல."

ஷர்மினி சிரிக்கவில்லை. அவள்தான் எடிட்டிங், ஒலிப்பதிவு, கடிதப் போக்குவரத்து, சண்டை விலக்குதல் எல்லாம். இன்று கடைசி வேலைக்கு லீவு போட்டிருந்தாள். மேசைமேல் ஒரு தாளை எடுத்து வைத்தாள். தலைப்பு: குரல் பயன்பாட்டு ஒப்புதல். கீழே ஒரு கோடு. கோட்டின்மேல் குணவதியக்காவின் கையெழுத்து வேண்டும். மாலை ஐந்து மணிக்குள்.

அந்தக் கோட்டில்தான் எல்லாம் நின்றது. 'உடும்புப் படை' என்ற அவர்களுடைய தொடரில் இது ஒன்பதாவது கதை. ஐந்து மணிக்குக் கோலாலம்பூருக்குப் போய்ச் சேரவில்லையென்றால் அந்த இடத்தில் வேறு எதையாவது போட்டுக்கொள்வதாகவும், மிச்சம் நான்கு கதைகள் தேவையில்லை என்றும் தொலைக்காட்சியின் பொறுப்பாளர் சுஹானா தெளிவாகச் சொல்லிவிட்டாள். "யுகேந்திரன், அஞ்சு மணி. அஞ்சு அஞ்சு இல்ல. ஏற்கெனவே ரெண்டு தடவ 'அஞ்சு நிமிஷம்'னு சொல்லி என்னை அழ வச்சிருக்கீங்க." நான்கு கதைகள் போனால் ஸ்டூடியோ போயிற்று. கிருஷாந்துக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைக்கும். ஷர்மினிக்கு எங்கேயும் கிடைக்கும். யுகேந்திரனுக்கு உடும்பைத் தவிர வேறு யாரும் வேலை கொடுக்க மாட்டார்கள்.

இந்த நிலைமைக்கு வந்த வழி இதுதான்.

கதை நன்றாகத்தான் தொடங்கியது. கறுப்புக் கண்ணாடி போட்ட கேப்டன் உடும்பு, ஒரு பூனை, ஒரு காக்கா. மூன்றும் ஒரு பழைய ஃபேக்டரி பஸ்ஸில் ஏறிப் புயலைத் துரத்துகின்றன. வெளிநாட்டுப் புயல் வேட்டைக்காரர்களுக்கு நேரான சாலை, வெட்டவெளி, ஆளில்லாத வயல். இவர்களுக்குப் பாயான் லெப்பாஸ் ஃபேக்டரிகள் வேலை விடுகிற நேரம். முன்னால் நானூறு மோட்டார் சைக்கிள். சுமத்ரா பக்கமிருந்து வந்த புயல், தன்னைத் துரத்த யாரோ வருகிறார்களாமே என்று கடல்மேல் காத்திருக்கிறது. அலுத்துப்போய் அதுவே இவர்களைத் தேடி வருகிறது. வந்த இடத்தில் பார்க்கிங் கிடைக்காமல் ஜார்ஜ் டவுனை மூன்று சுற்றுச் சுற்றுகிறது. கடைசியில் மஞ்சள் கோட்டில் நின்றதற்காகப் புயலுக்கு அபராதச் சமன் எழுதி, பஸ்ஸின் கண்ணாடித் துடைப்பானில் செருகிவிடுகிறார்கள்.

"நான் புயலோட கண்ணையே பாத்திருக்கேன்," என்கிறார் கேப்டன் உடும்பு.

"அது ஒங்களைப் பாத்துச்சா?" என்று கேட்கிறது காக்கா.

மழைச் சத்தம் வேண்டியிருந்தது. பினாங்கில் அப்போது ஒரு சொட்டு மழை இல்லை. யுகேந்திரன் ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டியை வைத்து, மேலே தகரத்தைச் சாய்த்து, வாளியிலிருந்து தண்ணீரை ஊற்றினான். ஷர்மினி மைக் பிடித்தாள். அற்புதமான மழை. உணர்ச்சிவசப்பட்டு ஓர் அடி பின்னால் வைத்தான். தொட்டி கவிழ்ந்தது. பலகைத் தளம், நூறு வருடப் பழசு. பலகைக்கும் பலகைக்கும் நடுவே விரல் நுழையும். இரண்டு வாளித் தண்ணீரும் அப்படியே கீழே, குணவதியக்காவின் மேசைமேல், அச்சடித்து அடுக்கிக் காய வைத்திருந்த முந்நூறு கல்யாணப் பத்திரிகைமேல் இறங்கியது.

அவன் கீழே போகவில்லை. போனில், கும்பிடுகிற பூனைப் படம் ஒன்றை அனுப்பினான்.

பதிலுக்கு ஒரு குரல் செய்தி வந்தது. நீளம் மூன்று நிமிடம் நாற்பது விநாடி. முதல் ஒரு நிமிடம் பத்து விநாடியைக் கேட்டான். விழுந்து விழுந்து சிரித்தான். அதோடு நிறுத்திவிட்டு, அதை வெட்டி எடுத்து, கார்ட்டூனில் புயல் பேசுகிற இடத்தில் தற்காலிகமாகப் போட்டுவைத்தான். பிறகு நடிகை வந்து பேசும்போது மாற்றிக்கொள்ளலாம் என்பதுதான் எண்ணம்.

ஆனால் இந்தத் தொழிலில் குரல் முதலில், படம் பிறகு. கிருஷாந்த் பதினொரு நாள் உட்கார்ந்து அந்தக் குரலுக்கு வாய் வரைந்தான். மூச்சு இழுக்கிற இடத்தில் கன்னம் உப்பியது. 'மிஸ்டர்' என்கிற இடத்தில் விரல் நீண்டது. அந்தப் பொல்லாத குரலிலிருந்தே புயலுக்கு ஒரு கொண்டை முளைத்தது, கழுத்தில் சங்கிலி போட்ட மூக்குக்கண்ணாடி வந்தது. பட்டர்வொர்த்திலிருந்து லைலா என்ற குரல் நடிகை வந்து நான்கு முறை பேசிப் பார்த்தாள். எல்லாமே பஸ் டிக்கெட் கேட்பது மாதிரி இருந்தன. புயல் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தது. சுஹானாவோ பாதிப் படத்தைப் பார்த்துவிட்டு, "புயலுக்குப் பேசின அம்மாவ மட்டும் மாத்தாதீங்க. ஒப்புதல் தாள் அனுப்புங்க," என்று எழுதியிருந்தாள்.

"அண்ணே, நீங்க ஊத்துனீங்க, நீங்க வெட்டுனீங்க, நீங்க ஒட்டுனீங்க," என்றான் கிருஷாந்த். "நான் வாய் மட்டும்தான் வரைஞ்சேன். நீங்கதான் போகணும்."

"ரெண்டு பேருமா போனா..."

"போங்கண்ணே!" என்றாள் ஷர்மினி. அவள் குரல் உயர்ந்து அந்த ஸ்டூடியோவில் யாரும் கேட்டதில்லை.

யுகேந்திரன் போனான்.

கடையில் குணவதியக்கா ஒருத்தி மட்டும். ஐம்பத்தைந்து வயது. கொண்டை. சங்கிலி போட்ட மூக்குக்கண்ணாடி. யுகேந்திரனுக்குத் திரையில் இருந்த புயல் ஞாபகம் வந்தது. கிருஷாந்த் இவளைப் பார்த்து வரையவில்லை என்று சத்தியம் செய்திருந்தான். குரலே ஆளைக் காட்டிக் கொடுத்திருக்கிறது.

"வணக்கம்க்கா."

அவள் நிமிரவில்லை. பத்திரிகைகளுக்குத் தங்கநிறக் குஞ்சம் கட்டிக்கொண்டிருந்தாள். "வழி தவறி வந்துட்டீங்களா, மிஸ்டர் யுகேந்திரன்? ஒங்க ஏணி பின்னால இல்ல?"

"ஒரு சின்ன உதவிக்கா. சும்மா, ஒரு கையெழுத்து."

தாளைத் தலைகீழாக நீட்டினான். கீழே உள்ள கோடு முதலில் தெரியட்டும் என்கிற தந்திரம். நாற்பது வருடமாக எழுத்துப் பிழை பார்த்தே சோறு தின்கிற பெண்ணிடம் அந்த வேலை நடக்குமா? அவள் தாளைத் திருப்பிப் பிடித்து, கண்ணாடியை ஏற்றி, முதல் எழுத்திலிருந்து படித்தாள். தலைப்பில் ஒரு நிமிடம் நின்றாள்.

"குரலா? யாரோட குரலு?"

"அது வந்துக்கா..."

"'பாத்திரம்: புயல், நகைச்சுவை.' இதுல என் பேரு எதுக்கு அடிச்சிருக்கு?"

அவன் சொன்னான். முதலில் சுற்றி வளைத்து. அவள் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தபோது நேராக. சொல்லி முடித்ததும் குஞ்சம் கட்டின நூலை அவள் பல்லால் கடித்து அறுத்தாள். அவனுக்கு அது தன் கழுத்திலேயே கேட்டது.

"நான் அழுதுகிட்டுப் பேசுனத," என்றாள், "சின்னப் புள்ளைங்க சிரிக்க வச்சிருக்கீங்க."

"அழுதுகிட்டா? அக்கா, அதுல நீங்க அழல..."

"ஓ. நீங்க சொன்னா சரி."

அவள் தாளையும் கைப்பையையும் எடுத்துக்கொண்டு எழுந்தாள். கடைக் கதவை இழுத்துப் பூட்டினாள். "காட்டுங்க. நான் எப்படி இருக்கேன்னு பாக்கணும்."

பதினேழு படியையும் அவள் முன்னால் ஏறினாள். யுகேந்திரன் பின்னால், பள்ளித் தலைமையாசிரியர் அறைக்குப் போகிறவன் மாதிரி. சன்னலுக்கு வெளியே கடல் பக்கம் வானம் ஈய நிறத்தில் கூடி வந்திருந்தது. மூன்று வாரத்தில் முதல் முறையாக. அதை யாரும் கவனிக்கவில்லை.

மேலே ஷர்மினி நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். "உக்காருங்கக்கா, பால் இல்லாம ஒரு தே ஓ குடிக்கிறீங்களா?"

"தண்ணியே வேணாம்மா இந்த வீட்டுல."

படம் ஓடியது. காக்கா பேசியது, உடும்பு வழுக்கி விழுந்தது, நானூறு மோட்டார் சைக்கிள் உறுமியது. அறையில் யாரும் சிரிக்கவில்லை. பல முறை பார்த்த யுகேந்திரனுக்கே, இது எதற்காக எழுதப்பட்டது என்று சந்தேகம் வந்தது. பிறகு பஸ்ஸின் முன்கண்ணாடி முழுக்கப் புயலின் முகம் வந்து அப்பியது.

"மிஸ்டர்!" என்றது புயல். "யாரைக் கேட்டுத் தண்ணிய ஊத்துனீங்க? தண்ணி மேலருந்து கீழ வரும்னு தெரியாதா? படிச்சவங்கதானே? மழ பெய்யணும்னா வெளிய போய்ப் பெய்ங்க! இங்க மனுசங்க இருக்கோம்! மாப்பிள்ள மூஞ்சி பொண்ணு மேல ஒட்டிக்கிட்டு வருது! எது மூக்கு எது முழின்னு தெரியல! இதை யாருகிட்டக் கொண்டு போய்க் காட்டுறது? ஒங்க பூனகிட்டயா?"

பஸ்ஸுக்குள் இருந்த பூனை பயந்து சீட்டுக்கு அடியில் போனது. அந்த இடம் யுகேந்திரனுக்கு ரொம்பப் பிடித்த இடம். இப்போது தானும் அங்கேயே போய்விடலாமா என்றிருந்தது.

கடைசிக் காட்சியில் கேப்டன் உடும்பு புயலை ஓர் அரிசிச் சாக்குக்குள் அமுக்கி வாயைக் கட்டுகிறார். சாக்கு துள்ளித் துள்ளி அடங்குகிறது. முடிந்தது.

குணவதியக்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டாள்.

"கொண்ட நல்லாதான் இருக்கு," என்றாள் கிருஷாந்திடம். "இதை வரைஞ்சது நீயா தம்பி?"

"ஆமாக்கா." ஐஸ் பெட்டி இலேசாகத் திறந்தது.

"நான் எதுக்குச் சாக்குக்குள்ள போறேன்?"

கிருஷாந்த் பென்சிலைப் பார்த்தான். ஷர்மினி கிருஷாந்தைப் பார்த்தாள். பதில் எழுதியவனிடம் வந்து சேர்ந்தது.

"கதைன்னா, கடைசில வில்லன் தோக்கணும்லக்கா," என்றான் யுகேந்திரன்.

"வில்லன்." அந்த வார்த்தையை அவள் வாயில் வைத்துப் பார்த்தாள். "தண்ணிய ஊத்துனது யாரு? சொல்லுங்க. ஓடி ஒளிஞ்சது யாரு? ஏணியில பூன மாதிரி ஏறுனது யாரு? இதுல நான் வில்லனா? சரி. அது போகட்டும். மிச்சம் எங்க?"

"மிச்சமா?"

"நான் மூணு நிமிசத்துக்கு மேல பேசுனேன். இதுல பாதிகூட இல்ல. மிச்சத்துல என்னா சொன்னேன்?"

யுகேந்திரன் பையில் இருந்த போனைத் தொட்டுப் பார்த்தான்.

"கேக்கல," என்றாள் குணவதியக்கா. "மூணு வாரமா கேக்கல. எனக்குத் தெரியும். கேட்டிருந்தா செவ்வாய்க்கெழம கதவத் தொறந்திருப்பீங்க."

"செவ்வாய்க்கெழம என்னாக்கா?"

அவள் தாளை மடித்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். அந்தக் கைப்பை மூடுகிற சத்தத்தில் நான்கு கதைகளும் ஒரு ஸ்டூடியோவும் உள்ளே போய்விட்டன.

"முழுசா போடுங்க. அந்தப் பெரிய ஒலிபெருக்கில. சத்தமா. நானும் கேக்குறேன், ஒங்க புள்ளைங்களும் கேக்கட்டும். அப்புறம் கையெழுத்தப் பத்திப் பேசலாம்."

மணி மூன்றரை. யுகேந்திரன் போனை இணைத்தான்.

முதல் ஒரு நிமிடம் பத்து விநாடி எல்லாருக்கும் மனப்பாடம். ஷர்மினியின் உதடு தன்னையறியாமல் அசைந்தது. அதற்கப்புறம் மூச்சு வாங்குகிற சத்தம் மட்டும் சற்று நேரம் வந்தது. யுகேந்திரன் அந்த இடத்தில்தான் நிறுத்தியிருந்தான், முடிந்துவிட்டது என்று.

"...கத்தணும்னு கத்தல," என்றது ஒலிபெருக்கி. குரல் வேறாக இருந்தது. மூக்கடைத்து. "இந்தக் கல்யாணப் பொண்ணுக்கு ஊரு பாகான் டாலாம். அப்பா இல்ல. ஃபேக்டரியில ராத்திரி வேல பாத்துட்டு, தூங்காம வந்து ஒவ்வொரு எழுத்தா பாத்துட்டுப் போனா. நான் திரும்ப அடிச்சுக் கொடுத்துருவேன், அது என் வேல. அவகிட்ட என்னா சொல்றது, அதான் தெரியல. நீங்க கீழ வந்து, 'அக்கா நான்தான் ஊத்துனேன்'னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, அதையே அவகிட்டச் சொல்லியிருப்பேன். நீங்க பூனப் படம் அனுப்புறீங்க. அந்தப் பூனையவா அவகிட்டக் காட்டுறது?"

பாகான் டாலாம் யுகேந்திரனின் ஊர். அந்தப் பெண்ணின் வீட்டுத் தெருகூட அவனுக்குத் தெரிந்ததாகவே இருக்கும். ஏதாவது சொல்லி நிலைமையை இலேசாக்கலாம் என்று தேடினான். அவன் பையில் எப்போதும் ஒரு தமாஷ் கிடக்கும். இன்று பையில் ஓட்டை.

"கோவம் வேற, இது வேற," என்று தொடர்ந்தது குரல். "பக்கத்துக் கடைக்குக் கூர வேல பாக்க வந்தவரு காட்டுனாரு. ஒங்க கூரையில ரெண்டு ஓடு நழுவி நிக்கிது. பின்பக்க மூலையில, ஏணிக்கு நேரா மேல. இப்ப வெயிலு, தெரியாது. மழ வந்தா நேரா உள்ளதான். அங்க ஒங்க கம்ப்யூட்டரு எல்லாம் வச்சிருக்கீங்க. வர்ற செவ்வாய்க்கெழம பத்து மணிக்கு அவர வரச் சொல்லியிருக்கேன். கதவ மட்டும் தொறந்து விடுங்க."

கிருஷாந்த் மெதுவாகத் தலையைத் திருப்பி, பின்பக்க மூலையைப் பார்த்தான். "அன்னைக்கு ஒருத்தரு வந்தாரு," என்றான். "கதவுல 'ஒலிப்பதிவு நடக்கிறது, தட்டாதீர்'னு அட்ட தொங்குச்சு. அப்பயும் தட்டுனாரு. நான் போய்... கொஞ்சம் கடுமையா பேசி அனுப்பிட்டேன்."

"அந்த அட்டய யாரு எழுதுனது?" என்றாள் ஷர்மினி.

"அண்ணன்தான்."

ஒலிபெருக்கி கடைசி வாக்கியத்துக்கு வந்திருந்தது. "கட ஒம்பது மணிக்குத் தொறப்பேன். வர்ற தைரியம் இருந்தா நேர்ல வாங்க."

அந்த வாக்கியம் முடிவதற்கும் இடி இறங்குவதற்கும் சரியாக இருந்தது. கார்ட்டூனில் இப்படி வைத்திருந்தால் கிருஷாந்த், 'ரொம்ப ஓவர்ணே' என்று வெட்டியிருப்பான்.

மூன்று வாரமாகச் சேர்த்து வைத்த மழை ஒரேயடியாகக் கொட்டியது. தகரத்தில் வாளித் தண்ணீர் ஊற்றிய மழை இதற்கு முன்னால் எச்சில்.

பின்பக்க மூலையில் இருந்தது ஒரு கனத்த மேசை. அதன்மேல் ஒன்பது கதைகளும் அடங்கிய பெரிய கணினி. கணினியின் தலைமேல், ஆபத்து வந்தால் உதவட்டும் என்று எடுத்து வைத்த நகல் அடங்கிய பெட்டி. இரண்டையும் ஒரே இடத்தில் வைத்தது வசதிக்காக. யார் வசதிக்கு என்பது இப்போதுதான் புரிந்தது.

"கழட்டு, கழட்டு!" என்று கத்தினான் யுகேந்திரன்.

"முடியாதுண்ணே! ஒயரெல்லாம் மேசயோட சேத்துக் கட்டியிருக்கேன்!" கிருஷாந்த் எதையும் ஒழுங்காகச் செய்கிறவன். நாற்பது பிளாஸ்டிக் பட்டிகள் போட்டு, ஒவ்வொன்றின் வாலையும் நறுக்கி வைத்திருந்தான். ஷர்மினி கத்தரிக்கோலைத் தேடினாள். யுகேந்திரன் கணினிமேல் குனிந்து, தன் முதுகால் கூரையை அடைத்துவிடலாம் என்பதுபோல் நின்றான். முதல் சொட்டு அவன் பிடரியில் விழுந்தது.

"அறிவில்லாத ஆளா இருக்கீங்களே!" குணவதியக்கா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "மேசயத் தள்ளுங்க! ஒயரு அந்தச் சுவத்தோட சுவரா வருது, அந்தப் பக்கமாத் தள்ளுனா எட்டும்! தம்பி, நீ அந்தக் காலு! நீ இந்தப் பக்கம்மா! மிஸ்டர், கட்டிப்புடிச்சது போதும், இடுப்பக் கொடுங்க!"

நான்கு பேரும் முட்டுக் கொடுத்தார்கள். மேசை நூறு வருடப் பலகையில் கிரீச்சிட்டு ஓர் அடி நகர்ந்தது. இன்னும் ஓர் அடி. தண்ணீர் இப்போது சொட்டாக இல்லை, கயிறாக இறங்கியது, மேசை இருந்த இடத்தில் சரியாக.

"கீழ என் கடை!" என்றாள் குணவதியக்கா.

யுகேந்திரன் ஓடினான். மூலையில் கிடந்த அந்தப் பெரிய பிளாஸ்டிக் தொட்டியை இழுத்து வந்து வைத்தான். மூன்று வாரத்துக்கு முன்னால் எதைக் கவிழ்த்தானோ அதேதான். தண்ணீர் அதற்குள் விழுந்தது. அவன் அதன் பக்கத்திலேயே மண்டியிட்டு, இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டான், இந்தத் தடவை அது எங்கேயும் போய்விடக் கூடாது என்று.

"அக்கா," என்றான் தொட்டியைப் பார்த்தபடி. "நான்தான் ஊத்துனேன்."

"தெரியும்."

"அந்தப் பொண்ணு வீட்டு விலாசம் கொடுங்க. நானே போய்ச் சொல்றேன்."

"சொல்லத்தான் போறீங்க." அவள் குரலில் இரக்கம் ஒன்றும் இல்லை. கைப்பையைத் திறந்து தாளை எடுத்தாள். "இப்ப அந்தச் சாக்க எடுங்க."

"என்னாக்கா?"

"நான் சாக்குக்குள்ள போக மாட்டேன். அதை எடுத்தாத்தான் கையெழுத்து."

மணி நான்கு. கடைசிக் காட்சி நாற்பது விநாடி. புதிதாக வரைய நேரமில்லை. யுகேந்திரன் தொட்டியை விட்டு நகராமலேயே யோசித்தான். சாக்குக் காட்சியை எடுத்துவிட்டால் கதை புயலின் திட்டோடு நின்றுவிடும். நின்றால் என்ன?

"ஷர்மினி," என்றான். "கடைசி வாக்கியத்த வெட்டி எடு."

"எந்தக் கடைசி?"

"மூணு நாப்பதுல வர்றது."

கிருஷாந்த் புரிந்துகொண்டான். ஏற்கெனவே வரைந்திருந்த வாய்களிலும் அசைவுகளிலும் இருந்து பொருந்துகிறவற்றைப் பொறுக்கி எடுத்து இருபத்தைந்து நிமிடத்தில் கோத்தான். குணவதியக்கா அவன் தோளுக்குப் பின்னால் நின்று, 'ஒம்பது'க்கு உதடு இன்னும் கொஞ்சம் குவியணும் என்றாள். குவித்தான். இப்போது படத்தில், திட்டி முடித்த புயல் தன் சமன் தாளை பஸ்ஸின் கண்ணாடித் துடைப்பானில் இருந்து பிடுங்கிக்கொள்கிறது. போகிற போக்கில் திரும்பிப் பார்க்கிறது.

"கட ஒம்பது மணிக்குத் தொறப்பேன்," என்கிறது. "வர்ற தைரியம் இருந்தா நேர்ல வாங்க."

போய்விடுகிறது. கேப்டன் உடும்பு கறுப்புக் கண்ணாடியைக் கழற்றுகிறார். அவ்வளவுதான்.

முதலில் சிரித்தது ஷர்மினி. குணவதியக்கா சிரிக்கவில்லை. ஆனால், "இன்னொரு தடவ போடு," என்றாள்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் தாளை மறுபடியும் முதலிலிருந்து படித்தாள். பேனாவால் 'நகைச்சுவை' என்ற சொல்லை அடித்தாள். மேலே எதுவும் எழுதவில்லை. 'பாத்திரம்: புயல்.' அது போதும் என்று தோன்றியிருக்க வேண்டும். முழுப் பெயரையும் அழகான கையெழுத்தில் போட்டாள்.

"இது மன்னிப்பு இல்ல," என்றாள்.

"தெரியும்க்கா."

"ஒங்களுக்கு ஒன்னும் தெரியாது."

பதினேழு படியும் இறங்கிப் போனாள்.

நான்கு ஐம்பத்தாறுக்குப் படமும் தாளும் கோலாலம்பூர் போய்ச் சேர்ந்தன. சுஹானாவிடமிருந்து ஒரு வரி வந்தது: "முடிவு எங்கிருந்து கிடைச்சது? மிச்சம் நாலையும் இதே மாதிரி எழுதுங்க." கிருஷாந்த் நாற்காலியில் சரிந்து, அன்றைக்கு முதல் முறையாகப் பென்சிலை நேராக வைக்காமல் விட்டான். மழை விட்டிருந்தது. தொட்டி விளிம்பு வரை நிறைந்திருந்தது. யுகேந்திரன் இரண்டு கையாலும் தூக்கி, ஒரு சொட்டுச் சிந்தாமல், பின்சன்னல் வழியாகச் சந்தில் ஊற்றினான்.

அவன் போன் அதிர்ந்தது. குணவதியக்கா. குரல் செய்தி. ஐந்து நிமிடம் ஆறு விநாடி.

"எந்தக் கதைக்குண்ணே?" என்றான் கிருஷாந்த்.

"வாய மூடு."

யுகேந்திரன் செய்தியைத் திறக்கவில்லை. போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கதவில் தொங்கிய 'தட்டாதீர்' அட்டையைக் கழற்றி மடக்கினான். முன்வாசல் படியில் இறங்கினான். நனைந்த பிடரி குளிர்ந்தது.

கடைக்குள் அவள் மறுபடியும் குஞ்சம் கட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, மெசேஜ் வந்துச்சு."

"கேட்டீங்களா?"

"இல்ல. நேர்லயே சொல்லுங்க. நிக்கிறேன்."

அவள் கண்ணாடிக்கு மேலாக அவனை ஏற இறங்கப் பார்த்தாள். காலால் ஒரு முக்காலியைத் தள்ளிவிட்டாள். குஞ்சக் கட்டு ஒன்றையும் நூலையும் அவன் பக்கமாக நகர்த்தினாள்.

"உக்காருங்க," என்றாள். "நேரமாகும்."